பையில்லாத சட்டை

என் கணவரின் இரண்டாம் ஆண்டு நினைவு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எழுதி முடித்து, டைப் அடித்து, கீழே என் பெயரையும் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கொண்டுவந்தார் கோபால். என் கணவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த இரண்டு தவணையிலும், பதவியில் இல்லாத காலத்திலும், கடைசி வரைக்கும் அவருக்கு உதவியாளராக இருந்தவர் கோபால்.

"ரெண்டு பக்கம்தாம்மா. நீங்க சிரமப்பட வேணாமேன்னு நானே எழுதிட்டேன்" என்றார்.

படித்தேன். நான் சமைத்தேன், ஜெபித்தேன், அவர் வரும்வரை காத்திருந்தேன் என்று இருந்தது. ஜெபித்தது உண்மை. காத்திருக்க எனக்கு நேரம் இருந்ததில்லை என்பதைக் கோபாலே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் 'சட்டையில் பைகூட வைத்துக்கொள்ளாத எளிமையாளர்' என்று ஒரு பத்தி. அதற்கடுத்து இப்படி இருந்தது: 'சேந்தங்கரைப் பாலம் முறிந்தபோது, கொடுக்காத மனுவைக் கொடுத்ததாகச் சொல்ல ஒரு பெண்ணைத் தூண்டிவிட்டார்கள். அந்தப் பொய்யையும் என் கணவர் புன்னகையோடு தாங்கினார்.'

அதற்குக் கீழே என் பெயர். நான் பேனாவைத் திறந்திருந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

அந்தக் கட்டுரைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இது அந்த மலரில் வராது.

எந்தப் படிவத்திலும் என் தொழில் 'இல்லத்தரசி' என்றே இருக்கிறது. ஆனால் நானும் ஒரு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். எங்கள் அப்பா கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நானும் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலைக்கு உத்தரவு வந்த வருஷம் இவர் முதல் தேர்தலில் ஜெயித்தார். வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஒரு மாசம் பாத்துட்டு அப்புறம் போ மேரி" என்றார். அந்த ஒரு மாதம் முடியவே இல்லை.

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. காலை ஆறரைக்கெல்லாம் ஆட்கள் வந்துவிடுவார்கள். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் எட்டு மணிக்கு வேர்த்துப்போய் வந்து, கேட்டைத் திட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். முதல் சில மாதம் மனுக்கள் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமில்லை. காபி டம்ளருக்கு அடியில் ஒன்று கிடக்கும், ஜெபப் புத்தகத்துக்குள் ஒன்று இருக்கும். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு ஒன்றுதான். நீள நோட்டு வாங்கி அதே மாதிரி கட்டம் போட்டேன். வரிசை எண், பெயர், ஊர், என்ன கேட்கிறார்கள், எந்த ஆபீசுக்குப் போனது, கடைசிக் கட்டத்தில் முடிவு.

வந்தவர்களை முதலில் பெஞ்சில் உட்காரச் சொல்வேன். உட்காராமல் நிற்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்காமலே தெரியும். அவர்களை இரண்டு முறை சொல்லி உட்கார வைப்பேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, 'எங்கேருந்து வர்றீங்க' என்றுதான் கேட்பேன். 'என்ன வேணும்' என்று எடுத்தவுடன் கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். மனு எழுதி வராதவர்களுக்கு நானே எழுதுவேன். கைநாட்டு வைக்க மேஜைமேல் ஊதா மைப் பெட்டி. மை பட்ட விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போவார்கள். துணி வைத்திருந்தேன், ஆனால் யாரும் எடுத்ததில்லை. 'மேரியம்மா நோட்டுல ஏறிட்டா நடந்துரும்' என்று தொகுதியில் ஒரு பேச்சு உண்டு. அது என் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஒரு காகிதத்தையும் நான் தொலைத்ததில்லை.

ஏழரை மணிக்கு அவர் வருவார். வந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஜனங்கள் நிற்கும்போது தான் உட்காரக் கூடாது என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நின்றபடியே ஒவ்வொரு மனுவையும் படிப்பார். முடியாது என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. செய்ய நினைத்த மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். மற்றதைக் கோபாலிடம் நீட்டுவார். இரண்டு வருஷத்தில் தொகுதி முழுக்க இதைக் கண்டுகொண்டது. மனு கொடுத்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். பையில் வைத்துவிட்டால் சந்தோஷமாகப் பஸ் ஏறுவார்கள்.

ஜனங்கள் கையைப் பார்க்கிறார்கள் என்பது கொஞ்ச நாளில் அவருக்கும் தெரிந்துபோயிற்று. அதன்பிறகு எல்லா மனுவையும் பையில் வைக்க ஆரம்பித்தார். யாரையும் ஏமாற்ற நினைத்து அல்ல. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் முகம் வாடித் திரும்பக் கூடாது என்பதுதான் அவருக்கு. ஆனால் அதோடு அந்தப் பைக்கு இருந்த மதிப்புப் போய்விட்டது. எது செய்ய வேண்டியது, எது ஆறுதலுக்கு வாங்கி வைத்தது என்று பிரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிப் பின்கட்டு ஆணியில் மாட்டுவார். நான் பையிலிருந்து காகிதங்களை எடுத்து, நோட்டோடு சரிபார்த்து, எந்த ஆபீசுக்கு என்று எழுதிக் கோபாலிடம் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் சட்டை சோப்புத் தண்ணீருக்குப் போகும். வெள்ளைச் சட்டை. நீலம் போட்டு, கெட்டியாகக் கஞ்சி போட வேண்டும். அந்த வேலையை வேலைக்காரியிடம் விட மாட்டேன்.

சேந்தங்கரை ராசாம்பாள் வந்தது ஒரு கோடைக்காலத்தில். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும், கணீரென்ற குரல். அவர்கள் தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அதன்மேல் இரண்டு பனைமரத்தைப் பிளந்து போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். அது இற்றுப்போயிருந்தது.

"இப்ப வாய்க்கா காஞ்சு கெடக்கு, எறங்கி நடந்துருவோம். மேட்டூர் தெறந்து தண்ணி வந்துட்டா அந்த மரத்துமேலதான் போவணும். தண்ணி வர்றதுக்குள்ள பண்ணிக் குடுக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

மனுவில் தெருவே இருந்தது. கையெழுத்துகள் கொஞ்சம், மிச்சமெல்லாம் கைநாட்டு. ராசாம்பாள் தன் கைநாட்டை மட்டும் வைக்காமல் விட்டிருந்தார். "உங்க முன்னாடி வைக்கலாம்னுதான்" என்று என் மைப் பெட்டியில் விரலைத் தொட்டு, கடைசியாக வைத்தார். நோட்டில் ஏற்றினேன். இவர் வந்தார், நின்று படித்தார், நான்காக மடித்துப் பையில் வைத்தார். ராசாம்பாள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று எங்கள் பங்குக் கோயிலில் தேர். சாயங்காலம் நாலரைக்கே கிளம்ப வேண்டும். அவர் மத்தியானமே வந்து சட்டை மாற்றிக்கொண்டார். அவசரத்தில் நான் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து நேரே வாளியில் முக்கிவிட்டேன். மறுநாள் காலையில் அலசும்போது பைக்குள் கை போனது. காகிதம் கூழாகி இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. பையின் துணியில் மட்டும் ஊதாவாக ஒரு கறை. எத்தனை நீலம் போட்டும் அது போகவில்லை.

நோட்டைப் பார்த்தேன். அன்று தேர் அவசரத்தில் அவர் மற்றவற்றையெல்லாம் கொட்டகையிலேயே பையிலிருந்து எடுத்துக் கோபாலிடம் கொடுத்திருந்தார். பையில் மிஞ்சியது சேந்தங்கரை மனு ஒன்றுதான். சொல்லியிருக்க வேண்டும். "ஏங்க, ஒரு மனு நனைஞ்சுபோச்சு, அந்த ஊருக்கு ஆள் அனுப்பி வேற வாங்குங்க" என்றால் முடிந்தது. அவர் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். ஒரு காகிதத்தையும் தொலைத்ததில்லை என்ற பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. எப்படியும் அந்த அம்மா மறுபடி வருவார், வந்தால் புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வந்தார். ஒரு மாதம் கழித்து, கொட்டகை நிறைய ஆட்கள் இருக்கும்போது. "அய்யா பையில வச்சாங்களே, என்னம்மா ஆச்சு?" என்று அந்தக் கணீர்க் குரலில் கேட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அனுப்பியாச்சுங்க. ஆபீசுல இருக்கு" என்றேன்.

"கலெக்டராபீசுல திங்கக்கிழமை மனு வாங்குறாங்களாம். அங்கயும் ஒண்ணு குடுத்துரவா?"

"எதுக்கு ரெண்டு எடம்? குழப்பமாயிடும். போயிட்டு வாங்க."

அன்று மத்தியானமே நானே ஒரு மனு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதியும்விட்டேன். கீழே வைக்க அந்தக் கைநாட்டுகள் என்னிடம் இல்லை. காகிதத்தை மேஜை டிராயரில் வைத்தேன். வேறு வேலை வந்தது.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில் பனைமரம் முறிந்து ஒருவர் வாய்க்காலோடு போய்விட்டார் என்று செய்தி வந்தது. ராசாம்பாளின் கணவர். ரேஷன் அரிசி வாங்கி வந்திருக்கிறார். மறுநாள்தான் உடம்பு கிடைத்தது. தெருவே ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தது. 'மனுவை அய்யா வாங்கிப் பையில வச்சாரு' என்று ராசாம்பாள் எல்லோரிடமும் சொன்னார்.

தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. கிளம்புவதற்குமுன் இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். தன் கையால் வாங்கி வைத்ததை என்னிடம் கேட்டார். அவர் பையில் வைத்த காகிதங்கள் எத்தனையோ. அவருக்கே நினைவில்லை.

"மேரி, அப்படி ஒரு மனு நம்மகிட்ட வந்துச்சா?"

"வரலைங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். சரி என்று போய்விட்டார். அங்கே போய், 'அப்படி ஒரு மனு என் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவியின் நோட்டில் ஏறாமல் ஒரு காகிதமும் போகாது' என்று சொன்னாராம். நோட்டைக் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு அவ்வளவு பெயர்.

அடுத்த வாரம் தையல்காரரிடமிருந்து நான்கு சட்டை வந்தது. ஒன்றிலும் பை இல்லை.

"என்னங்க, பை வைக்க மறந்துட்டாரா?"

"நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"எதுக்கு?" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மனுவைக் கையில் வாங்குவார், படிப்பார், அங்கேயே கோபாலிடம் கொடுப்பார். எங்கும் பையில்லாத சட்டையோடே போனார். மேடைகளில் அதைப் புகழ்ந்தார்கள். அவர் ஒருமுறைகூட அந்தப் புகழ்ச்சிக்குச் சிரித்து நான் பார்க்கவில்லை. அடுத்த கோடையில் சேந்தங்கரைக்குக் கான்கிரீட் பாலம் வந்தது. திறப்பு விழாவுக்கு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். கல்வெட்டில் பெயர் மட்டும் இருக்கிறது. கல்லறைக்கு அவரை அனுப்பியபோது போட்ட சட்டையிலும் பை இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்து வந்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பங்குச் சாமியார் கேட்டுவிட்டு, "அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அதுதான் உங்களுக்குப் பரிகாரம். போய்ச் சொல்லுங்க" என்றார். நான் போகவில்லை. மறு வருஷம் கும்பகோணத்தில் தெரியாத ஒரு சாமியாரிடம் போய் அதே பாவத்தைச் சொன்னேன். அவர் பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோபால் கட்டுரையோடு வந்த அன்றைக்கு வருகிறேன். நான் பேனாவை மூடியது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தேன்.

"அந்த மனு வந்துச்சு கோபால். ஐயா கேட்டப்ப வரலைன்னு நான்தான் சொன்னேன். அவருக்குத் தெரியாது."

கோபால் நோட்டைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயாவுக்குத் தெரியும்மா" என்றார்.

கோபால் மெதுவாகச் சொன்னார். "உங்ககிட்ட கேட்டுட்டு நேரா கொட்டகைக்கு வந்தாங்க. மேஜைமேல இந்த நோட்டு இருந்துச்சு. அவங்களே பொரட்டிப் பாத்தாங்க. டிராயர்ல நீங்க எழுதி வச்சிருந்த மனுவையும் பாத்தாங்க. கொஞ்ச நேரம் உக்காந்தே இருந்தாங்க. அப்புறம், 'மேரிகிட்ட இதப்பத்தி ஒண்ணும் கேக்காதே'ன்னு சொல்லிட்டு கார்ல ஏறிட்டாங்க."

இத்தனை வருஷமும் நான் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நல்லவர், பொய் என்னுடையது மட்டும் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. இப்போது அதுவும் இல்லை. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ராசாம்பாளைப் பொய்க்காரியாக்கித்தான் என்னைக் காப்பாற்ற முடிந்தது. அதைத் தெரிந்தே செய்திருக்கிறார். பிறகு சட்டையிலிருந்து பையை எடுத்துவிட்டார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இருவரும் அதைப் பேசாமலே வாழ்ந்து முடித்துவிட்டோம். அன்று நான் அவருக்காக அழுத மாதிரி அவர் இறந்தபோதுகூட அழவில்லை. அவர்மேல் அவ்வளவு கோபமும் அன்றுதான் வந்தது.

"ஐயாவே போயிட்டாங்க. இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் கோபால்.

"ஐயா போயிட்டார். அந்த அம்மா இருக்காங்கல்ல?"

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு சேந்தங்கரைக்குப் போனேன். கோபால்தான் கார் ஓட்டி வந்தார், ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். சம்பா நடவு முடிந்து வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. ராசாம்பாளுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்தது. வா என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். உட்கார்ந்தேன். அவர் நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூழான காகிதம், நோட்டில் முடிவு எழுதாமல் விட்ட கடைசிக் கட்டம், ஆபீசில் இருக்கிறது என்று சொன்னது, வரவில்லை என்று சொன்னது, இவர் தெரிந்தே போய்ச் சொன்னது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"நான் குடுத்தேன்னு எனக்குத் தெரியும்மா. அத நீங்க வந்து எனக்கு எதுக்கு சொல்றீங்க?"

நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"அய்யா அப்படி சொன்ன பொறவு, இந்தத் தெருவே என்னத்தான் கேட்டுச்சு. 'எல்லாரும் விரல வச்சுக் குடுத்தோம், நீ அதக் கொண்டுபோயி குடுக்காம எங்கயோ போட்டுட்டு வந்துட்ட. ஒன் புருசன நீயே கொன்னுட்ட'ன்னு என் கொழுந்தன் சொன்னான். அவன் இன்னிக்கி வரைக்கும் என் வாசப்படி மிதிக்கல. நடவுக்கு என்கூட வர்றதயும் ரொம்பப் பேரு விட்டுட்டாங்க. நான் குடுத்தேன் குடுத்தேன்னு எத்தனை வருசம் சொல்ல முடியும்? அப்புறம் விட்டுட்டேன்."

அவர் குரல் பழைய குரலாக இல்லை. நான் கெடுத்தது ஒரு மனுவை மட்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இருங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குள் போனார். ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிடுவது கேட்டது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள் வந்தார்கள். கைக்குழந்தையோடு பெண்கள், வயதானவர்கள். கடைசியாக ஒருவர் வந்து, கிட்டே வராமல், வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். ராசாம்பாள் அவரைப் பார்க்காமலே, "கொழுந்தன்" என்றார் என்னிடம்.

"அந்த நோட்டுல கடைசிக் கட்டம் என்னமோ சொன்னீங்களே, அதுல எழுதிருக்கா?"

"இல்லைங்க. வெறுமையா இருக்கு."

"எழுதுங்க. எழுதிட்டுப் படிங்க."

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமும் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் எழுதினேன். பிறகு வரிசை எண்ணிலிருந்து படித்தேன். ராசாம்பாள், சேந்தங்கரை, வாய்க்கால் பாலம் வேண்டி. மனு நேரில் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டது நான். தொலைத்தது நான். வரவில்லை என்று பொய் சொன்னது நானும் என் கணவரும்.

வேப்பமரத்தடியில் நின்றவர் அசையவில்லை.

"இன்னொரு தடவ படிங்க. அங்க கேட்டிருக்காது" என்றார் ராசாம்பாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, சத்தமாகப் படித்தேன்.